சீதனமாக வந்த தாம்பாளம்

உப்புவெளியில் ஒருவருக்குத் தோணி இருக்கும், இன்னொருவருக்கு வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட இரண்டு அறை இருக்கும். இராகுலனுக்கு ஓர் இணையத்தளம் இருந்தது. ‘அந்தநாள் உப்புவெளி’ என்று பெயர். கொரோனா ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, தொலைபேசியில் செய்முறைக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்துத் தானே கட்டி எழுப்பியது. முதல் மாதம் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக விழுந்தன, படங்கள் தலைகீழாக நின்றன. விட்டானா? விடவில்லை. துறைமுகப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபது வருடமாகக் கோப்புக் கட்டுகிறவனுக்குப் பொறுமையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஊரில் இருக்கிறவன் எவன் ஊரை நினைத்து ஏங்குவான்? வாசகர்கள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருந்தார்கள். நிலாவெளி பஸ்ஸில் மீன்கூடையோடு மீன்கூடையாக நசுங்கிப் பள்ளிக்கூடம் போனது, மண்ணெண்ணெய் விளக்கில் சோதனைக்குப் படித்தது, கச்சான் காற்றில் கூரைத் தகரம் பறந்தது என்று இவன் எழுத எழுத, அவர்கள் அங்கே பனிக்குள் இருந்து கண்ணைத் துடைத்தார்கள். பழைய கதைக்குக் கொஞ்சம் சீனி போட்டால்தான் குடிக்கலாம் என்பது இராகுலனின் கட்சி. அளவு அவ்வப்போது கூடிவிடும். கந்தோரில் பத்து மணித் தேநீருக்குக்கூட ஒருவரும் கூப்பிடாத மனிதன் அவன். அவனுக்கு ரொறன்ரோவில் இருந்து ஒருவர் “அண்ணை, அழ வைச்சுப்போட்டியள்” என்று எழுதினால் அன்று முழுக்கக் கால் நிலத்தில் படாது.

அந்தக் கிறுகிறுப்பில்தான் போன ஆனி மாதம் ‘எங்கள் வீட்டுச் சாமான்கள்’ என்று ஒரு பக்கம் திறந்தான். கரி போடும் அயன்பெட்டி, காலமான அப்பாவின் ரேடியோ, கைப்பிடி உடைந்த திருகை. கடைசியாகத் தாம்பாளம். இரண்டு கையையும் விரித்துத் தூக்க வேண்டிய பெரிய செம்புத் தாம்பாளம். அதைப் புளி போட்டுத் தேய்த்து, முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்துப் படம் எடுத்து, கீழே இப்படி எழுதினான்:

“என் அம்மா குணேஸ்வரி கிளிவெட்டியிலிருந்து உப்புவெளிக்கு வாழ வந்தபோது சீதனமாகக் கொண்டு வந்தது. விளிம்பைச் சுற்றி ஓடும் பூங்கொடி வேலைப்பாட்டைப் பாருங்கள், என்ன கைவண்ணம்! என் கலியாணத்தன்று கூறைச்சேலையையும் தாலியையும் இதில் வைத்துத்தான் எடுத்துப் போனார்கள்.”

கூறையும் தாலியும் உண்மை. பூங்கொடியை அவன் உண்மை என்றே நம்பினான். சீதனம் பொய். அது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அப்துல் மஜீத் வீட்டிலிருந்து வந்தது என்பது இராகுலனுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியாதவன் போலவே இருந்து பழகியதில், எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு வந்த பாராட்டு வேறு எதற்கும் வந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கருத்து வந்து விழுந்தது.

“வணக்கம். நல்லா எழுதுறீங்க. விளிம்பில இருக்கிறது பூங்கொடி இல்ல, அரபு எழுத்தில எழுதின தமிழ். எங்கட பழைய ஆக்கள் சாமான்ல அப்பிடித்தான் பேர் வெட்டுவாங்க. இதுக்குச் சஹன் எண்டு சொல்ற. ஆறு பேர் சுத்தி இருந்து சாப்பிடுற தட்டு. கிட்டத்தில எடுத்த படம் ஒண்டு போட்டீங்கண்டா என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்கலாம். — ஜுமானா, கிண்ணியா.”

இராகுலனுக்குக் காது இரண்டும் கொதித்தன. ஜுமானா என்ற பெயரை அவனுக்குத் தெரியும். வேலி ஓட்டைக்குள்ளால் வந்து மண்சோறு விளையாடிய சின்னப் பிள்ளை. ஐந்து நிமிடத்துக்குள் கருத்தை அழித்தான். பிறகு படத்தையும் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உரலைப் போட்டான். உரல் சொந்த உரல், அதில் வில்லங்கம் இல்லை. ஆனால் ஊர்ப்பாசம் பொங்கும் வாசகர்களை வைத்துக்கொண்டு ஒன்றை மறைக்க முடியுமா? அன்று பின்னேரமே ரொறன்ரோக்காரர் எழுதினார்: “அண்ணை, தாம்பாளத்தைக் காணேல்லை! பயப்பிடாதேங்கோ, நான் படத்தை எடுத்து வைச்சிருந்தனான். முகநூலில போட்டுவிட்டிருக்கிறன்.” நானூறு பேர் அதை விரும்பியிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஜுமானாவிடமிருந்து தனிக் கடிதம் வந்தது.

“என்ட கருத்து எப்பிடியோ அழிஞ்சு போச்சுபோல. படத்தையும் காணல்ல. என்னைத் தெரியுமோ தெரியாது. மஜீதின்ட மகள். தொண்ணூறில சண்டை வந்து நாங்க வெளிக்கிடக்குள்ள உங்கட அப்பாக்கிட்டதான் வீட்டைப் பூட்டித் திறப்பைக் குடுத்துட்டு வந்தது. வாப்பாக்கு இப்ப கண் பார்வை குறைவு. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு உங்கட பக்கத்தை நான்தான் வாசிச்சுக் காட்டுற. எங்கட பழைய தெருவைக் கேக்க அவருக்குச் சரியான ஆசை. சஹன்ட கதையை மட்டும் இன்னும் வாசிக்கல்ல. முதல்ல உங்களிட்டக் கேப்பம் எண்டு வெச்சிருக்கன்.”

குற்றச்சாட்டாக ஒரு சொல் அதில் இல்லை. அதுதான் அவனைப் பிடுங்கித் தின்றது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். சண்டைக் காலத்தில் நாங்கள் இழந்தது கொஞ்சமா என்று நியாயம் பேசியிருக்கலாம். இது, வழியைத் திறந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற கடிதம்.

அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, உந்தத் தாம்பாளம் மஜீத் மாமா வீட்டுச் சாமானெல்லோ?”

குணேஸ்வரி நிமிரவில்லை. “இப்ப ஆர் கேட்டது?”

“மகள் எழுதியிருக்கிறா.”

“சும்மா கிடந்த சாமானை நீ ஏன் உலகத்துக்குக் காட்டினனீ?” என்றாள். பிறகு கீரையைத் தள்ளி வைத்தாள். “களவெடுக்கேல்லை, விளங்கிச்சோ? திறப்பைத் தந்திட்டுப் போனவை. அடுத்த கிழமையே கள்ளர் கூரையில ஏறிட்டாங்கள். அதுக்குப் பிறகுதான் அப்பா சாமானை இங்கால கொண்டந்தவர். பத்திரமாத் திருப்பிக் குடுக்கத்தான். பிறகு அப்பாக்கு ஏழு மாசம் சம்பளம் இல்லை. தையல் மிசினை வித்தம். அலுமாரியை வித்தம். உனக்குத்தான் கஞ்சி காய்ச்சினது. தாம்பாளத்தை ஒருத்தரும் வாங்கேல்லை. எழுத்தைக் கண்டிட்டு வேண்டாமெண்டு போட்டினம்.”

“எழுத்தெண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குப் பூவெண்டுதானே சொன்னனீங்கள்?”

“பிள்ளைக்கு வேற என்னத்தைச் சொல்லுறது?”

“அவர் திரும்பி வந்தவரெல்லோ. அப்ப குடுத்திருக்கலாம்தானே?”

“எப்பிடிக் குடுக்கிறது? மிசின் எங்கை, அலுமாரி எங்கை எண்டு கேக்க மாட்டாரோ? கள்ளர் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டாங்கள் எண்டு அப்பா சொல்லிப்போட்டார். அப்பிடிச் சொன்ன வாயால தாம்பாளத்தை மட்டும் இந்தாங்கோ எண்டு நீட்ட ஏலுமோ?”

ஏலாதுதான். அந்த நாள் இராகுலனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. படலையில் மஜீத் மாமா சைக்கிளைச் சாத்துவதைக் கண்டதும் அப்பா குலசிங்கம் அவன் காதுக்குள், “ஓடிப்போய் அதை மூடு” என்றார். அவன் ஓடினான். குசினி வாசலில் கிடந்த தாம்பாளத்தின்மேல் அரிசிச் சாக்கைப் போட்டான். சாக்குக் காற்றில் கிளம்பியது. அதனால் அதன்மேல் ஏறிக் குந்திவிட்டான். மஜீத் மாமா போகும்வரை எழும்பவில்லை. யாரும் குந்தச் சொல்லவில்லை. அது அவனுடைய சொந்தக் கெட்டித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஜுமானாவுக்கு எழுதினான். முழுவதையும் சொல்லிவிடுவது என்பது முடிவு. மனைவி தர்சிகாவுக்கும் சொன்னான். தன் கூறை எந்தத் தட்டில் வந்தது என்று அறிந்ததும் அவள் படுக்கை விரிப்பொன்றை எடுத்துத் தாம்பாளத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். “பொய் சொல்லாம வாங்கோ” என்றாள். அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனான். கிண்ணியாப் பாலத்தில் கச்சான் காற்றுத் தாம்பாளத்தைப் பிடித்து வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. சொல்ல வேண்டிய வசனத்தை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தபடியே போனான். “மாமா, அப்பா உங்களுக்குப் பொய் சொன்னவர். நானும் கூட இருந்தனான்.” பத்துச் சொல்கூட இல்லை. கிண்ணியா வரும்வரை அது வாயில் நன்றாகத்தான் நின்றது.

ஜுமானா வாசலுக்கு வந்து கூட்டிப் போனாள். பள்ளிக்கூட ரீச்சர், நாற்பது வயது இருக்கும். உள்ளே கதிரையில் இருந்த கிழவர் குரல் கேட்டதுமே எழும்பப் பார்த்தார்.

“ஆரு, குலசிங்கத்தின்ட மகனா? வாங்க மகன், வாங்க. கையைத் தாங்க.”

கையைப் பிடித்தவர் விடவில்லை. ஜுமானா விரிப்பை அவிழ்த்துத் தாம்பாளத்தை அவர் மடியில் வைத்தாள். அப்துல் மஜீத் விளிம்பை விரலால் தடவினார். மெதுவாக, எழுத்து எழுத்தாக. “சித்தி பரீதாக்கு வாப்பா குடுத்தது” என்று வாசித்தார். அவருடைய முகம் உடைந்து போயிற்று.

“சித்தி பரீதா எண்டது உம்மாட பேர். அவட கலியாணத்துக்கு அவட வாப்பா குடுத்த” என்றாள் ஜுமானா. “உம்மா மௌத்தாகி எட்டு வருசம். போன சாமான் ஒண்டையும் பத்தி அவ கதைக்கிறல்ல. இதை மட்டும் கேப்பா.”

வேறொரு பெண்ணுக்குத் தகப்பன் கொடுத்த சீதனத்தை அவன் தன் தாயின் சீதனம் என்று உலகத்துக்கு எழுதியிருந்தான். கதிரையில் இருந்த இராகுலனுக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது.

“எங்க மகன் கிடைச்சது?” என்று கேட்டார் மஜீத்.

இதோ, வாசல் திறந்திருக்கிறது. சொல்ல வேண்டியதுதான். இராகுலன் வாயைத் திறந்தான். “துறைமுக வீதியில, மாமா. பழைய சாமான் விக்கிற ஒருத்தரிட்டைக் கண்டனான். உங்கட எண்டு பிறகுதான் தெரிஞ்சது” என்றான். யார் பேசியது என்று அவனுக்கே ஒரு கணம் விளங்கவில்லை. அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. ஜுமானா அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு பார்வையை இறக்கிக்கொண்டாள்.

கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “தேடி வாங்கிக் கொண்டந்திருக்கிறார் பாரு! தகப்பனைப் போல பிள்ளை” என்றார். “உங்களுக்குத் தெரியாது மகன். நான் தொண்ணூத்தொண்டில வந்து பாத்தனான். எல்லாம் போயிட்டுது மஜீத், காப்பாத்த ஏலாமப் போச்செண்டு சொல்லி உங்கட அப்பா அழுதார். தேம்பித் தேம்பி அழுதார். எங்கட சாமானுக்காக அழுத மனிசன் இந்த உலகத்தில அவர் ஒருத்தர்தான். சாமான்தானே குலசிங்கம், உசிர் மிஞ்சினதே பெரிசு எண்டு நான்தான் அவரைத் தேத்தினன்.”

இராகுலன் தரையைப் பார்த்தான்.

“நீங்க குசினி வாசல்ல ஒரு சாக்கில குந்தியிருந்தீங்க. வாங்க மகன் எண்டு கூப்பிட்டன், எழும்பல்ல. பிள்ளை நல்லாப் பயந்து போச்செண்டு நெனச்சு, நானே கிட்ட வந்து கையில ரொபி இனிப்புத் தந்தன். ஞாபகமா?”

“ஓம்” என்றான். அது மட்டும் வந்தது.

“அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் விடியச் சுபஹுக்குத் தொழுதா, என்ட பிள்ளைகள்ட பேரைச் சொல்லி துஆ கேக்கக்குள்ள உங்கட பேரையும் சேர்த்துத்தான் கேக்கிற. இராகுலனுக்கு நல்ல வாழ்க்கையைக் குடு எண்டு. ஒரு நாளும் விட்டதில்ல.”

பகல் சாப்பாடு அந்தச் சஹனில்தான் என்று கிழவர் பிடிவாதமாக நின்றார். ஈயப்பூச்சுப் போய்விட்டதால் ஜுமானா வாழையிலை விரித்துச் சோற்றைக் குவித்தாள். மஜீத், அவருடைய மகன் சரீப், இராகுலன், மூவரும் பாயில் சுற்றி இருந்தார்கள். கிழவர் தன் பக்கத்தில் கிடந்த நல்ல இறைச்சித் துண்டையெல்லாம் தட்டித் தடவி இவன் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். தான் ஏறிக் குந்தியிருந்த பாத்திரத்தில் இருந்து இராகுலன் சாப்பிட்டான். மூன்று முறை போதும் என்றான். நான்காவது முறையும் அவர் தள்ளிவிட்டார்.

வெளிக்கிடும்போது கிழவர் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். ஜுமானா படலை வரைக்கும் வந்தாள்.

“அண்ணன், அம்மாட சீதனம் எண்டு எழுதினீங்க. இப்ப கடையில வாங்கின எண்டு சொல்றீங்க. ரெண்டில ஒண்டையும் நான் வாப்பாக்கிட்டப் பிரிச்சுக் கதைக்கல்ல. கதைக்கவும் மாட்டன். அவர்ட சிநேகிதரை அவரிட்ட இருந்து நான் பறிக்கிறதா? அது உங்கட வேலை. செய்யிறெண்டாச் செய்யுங்க, இல்லாட்டி விடுங்க.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவன் திரும்பி உள்ளே போய்க் கிழவரை எழுப்பியிருக்கலாம். இராகுலன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். வீட்டில் தர்சிகா கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு நாள் பின்னேரங்களில், கந்தோர் விட்டு வந்ததும் கணினிக்கு முன்னால் இருந்து எழுதினான், அழித்தான், எழுதினான். முகத்துக்கு நேரே சொல்ல முதுகெலும்பில்லாதவன் எழுதித்தான் தொலைக்க வேண்டும். முதலில் எழுதியதில் போர் வந்தது, பசி வந்தது, அப்பாவின் கண்ணீர் வந்தது. வாசித்தால் குலசிங்கம் குடும்பத்துக்காக யாரும் அழுவார்கள். அதை அழித்தான். இரண்டாவதில் ‘சிறுவனாக இருந்த நான்’ என்று ஓர் அப்பாவி வந்து நின்றான். அவனையும் அழித்தான். வியாழன் பின்னேரம் கடைசியாக நின்றது இவ்வளவுதான்:

“இந்தத் தாம்பாளம் எங்களுடையது அல்ல. இது சித்தி பரீதா அவர்களுக்கு அவருடைய தந்தை கொடுத்தது. நம்பித் திறப்பைத் தந்த அப்துல் மஜீத் அவர்களின் வீட்டுச் சாமான்களை நாங்கள் விற்றுச் சாப்பிட்டோம். அவர் வந்து கேட்டபோது எல்லாம் களவு போய்விட்டதாக என் அப்பா பொய் சொன்னார். இதைச் சாக்கால் மூடி, அதன்மேல் குந்தியிருந்தவன் நான். குந்தியிருந்தபடியே அவர் தந்த ரொபியை வாங்கிக்கொண்டேன். என் தாயின் சீதனம் என்று இங்கே எழுதியதும், கடையில் வாங்கியதாக அவர் முகத்துக்கு முன்னால் சொன்னதும் நான்தான். இரண்டும் பொய். — குலசிங்கம் இராகுலன், உப்புவெளி.”

பொத்தானை அழுத்தினான். அரை மணித்தியாலத்தில் ரொறன்ரோக்காரர் வந்தார்: “செத்த மனிசன்ரை பேரை ஏன் அண்ணை சந்திக்கு இழுக்கிறியள்? அந்தக் காலத்தில எல்லாரும்தான் செய்தவை.” வேறு ஒருவர், இது நாடகம் என்றார். இன்னொருவர் கைகூப்பும் படம் போட்டு, உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன் என்றார். அந்தக் கைகூப்பல்தான் எல்லாவற்றையும்விட அவனைக் கூச வைத்தது. விஷயம் அம்மாவின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அன்றிலிருந்து சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அவள் தன் அறைக்குப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை கந்தோரில் ஒரு கோப்பும் கட்டவில்லை. ஜும்ஆ முடிந்திருக்கும், இப்போது வாசித்திருப்பாள், இப்போது முடித்திருப்பாள் என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தான். ஒன்றும் வரவில்லை. மன்னித்துவிட்டார் என்று ஒரு வரி வரும் என அவன் உள்ளுக்குள் காத்திருந்தான். காத்திருக்கிறோம் என்பதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தான்.

சனிக்கிழமை காலை ஜுமானாவின் கடிதம் வந்தது.

“அண்ணன், நேத்து வாசிச்சுக் காட்டினன். ஒரு சொல்லையும் விடல்ல. சாக்கில குந்தினதையும் வாசிச்சன், ரொபியையும் வாசிச்சன். முழுசாக் கேட்டுப்போட்டு, மறுகா ஒருக்கா வாசி எண்டார். வாசிச்சன். கோபமா வாப்பா எண்டு கேட்டன், பதில் சொல்லல்ல. ராச்சோறு தின்னல்ல. இண்டைக்கு சுபஹுக்குத் தொழுதுபோட்டுக் கையை ஏந்தினார். சத்தமாத்தான் கேக்கிற பழக்கம். என்ட பேர் சொன்னார், சரீப் நானாட பேர் சொன்னார். உங்கட பேர் வாற இடத்தில நிண்டுட்டார். ஏந்தின கையோட கனநேரம் இருந்தார். மறுகா கையை முகத்தில தடவிப்போட்டு எழும்பிப் போயிட்டார். உங்களுக்குச் சொல்லாம விட மனம் வரல்ல.”

இராகுலன் அதை நின்றபடியே வாசித்தான். குசினிக்குள் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு விடியற்காலையும் கடலுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில் ஒருவர் தன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது தெரியாமலே முப்பத்துமூன்று வருடம் அவன் வாழ்ந்திருந்தான். தெரிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.